கேன்சல் செய்து கொடுத்த செக்கில் 49,800 ரூபாய் போய்விட்டது: நம்ம நெல்லைப் பக்கத்து வியாபாரிகள் பார்க்கவும்

வண்ணாரப்பேட்டை பெயிண்ட்கடை
செவ்வாய், இரவு 10:15

பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன். பெயிண்ட், பிளைவுட், கொஞ்சம் சானிட்டரி சாமான். ஏமாந்த கதையை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "இதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லணுமா" என்று வீட்டில் ஏச்சு வேறு. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் ஒரு அடையாள அட்டை. பெரிய வங்கி ஒன்றின் தொழில் கடன் பிரிவு என்றான். தீபாவளிச் சரக்குக்குப் பணம் தேவைப்பட்ட நேரம், நானும் உட்கார வைத்துப் பேசினேன். ஆதார், ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாம் நகல் எடுத்துக்கொண்டு, "ஒரு கேன்சல்டு செக் வேணும் அண்ணாச்சி" என்றான். கிழித்துக் கொடுத்தேன். அவனே தன் பேனாவால் இரண்டு கோடு போட்டு, நடுவில் கேன்சல்டு என்று பெரிதாக எழுதினான். "கையெழுத்து ஒத்துப் பார்க்கணும், கீழே போடுங்க, உங்க பேனாவிலேயே போடுங்க" என்றான். நானும் கல்லாவில் கிடந்த பால்பாயிண்டில் போட்டேன். குறுக்கே கோடு இருக்கிறதே, இனி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு.

எட்டு நாள் கழித்து பாஸ்புக் பதியப் போனபோதுதான் தெரிந்தது. நான் செக் கொடுத்த மூன்றாம் நாளே வேறு மாவட்டத்துக் கிளை ஒன்றில் ரொக்கமாக 49,800 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். என் செக்தான், என் கையெழுத்துதான். கோட்டையும் காணோம், கேன்சல்டும் காணோம். யாரோ ஒருவர் பெயர், தொகை, தேதி எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறது.

"உங்க கையெழுத்து இல்லேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். என்ன சொல்ல?


பெருமாள்புரம் பென்ஷன்காரர்
செவ்வாய், இரவு 11:02

நான் வங்கியில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன், கடைசியில் கிளை மேலாளர். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏச்சு அப்புறம்.

நாளைக் காலை கிளை திறந்ததும் போய், கையில் மிச்சமிருக்கும் செக் தாள்கள் எல்லாவற்றுக்கும் நம்பர் குறித்து ஸ்டாப் பேமென்ட், அதாவது இவற்றுக்குப் பணம் கொடுக்காதே என்று, எழுதிக் கொடுங்கள். அவன் கையில் உங்கள் கையெழுத்தும் கணக்கு எண்ணும் செக்கின் மாதிரியும் இருக்கிறது. அதே போல இன்னொன்றை அச்சடித்து, வரிசையில் அடுத்த நம்பரைப் போட்டு வருகிறவர்களும் உண்டு. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பணம் கொடுத்த கிளையின் கேமரா பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். அந்தப் பதிவு நிரந்தரமாக இருக்காது, நாள் போகப் போக மேலேயே அழித்துப் பதிந்துகொண்டே போகும். ஏற்கெனவே பல நாள் போய்விட்டது. அப்புறம் காவல் நிலையம்.

49,800 என்று எடுத்தானே, அந்தக் கணக்கு உங்களுக்குப் புரிந்ததா? 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் போகும் செக்குகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பாசிட்டிவ் பே என்று ஒரு ஏற்பாடு உண்டு. செக் கொடுத்த கையோடு அதன் நம்பர், தேதி, பெறுபவர் பெயர், தொகை நான்கையும் நீங்களே ஆப் மூலமோ கிளையிலோ வங்கிக்குச் சொல்லிவிடுவீர்கள். செக் வரும்போது ஒத்துப் பார்ப்பார்கள், ஒத்துவராவிட்டால் நிற்கும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் போனால் கட்டாயமாக்க வங்கிகளுக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலியின் உயரம் அவனுக்குத் தெரியும். அதற்கு 200 ரூபாய் கீழே குனிந்து போயிருக்கிறான்.


அரிசிமண்டி பேட்டை
புதன், காலை 6:40

பெயிண்ட் அண்ணாச்சி, கூச்சப்படாதீங்க. என் கதையைக் கேட்டால் நீங்கள் எவ்வளவோ தேவலை.

உங்களுக்கு நீங்கள் கொடுத்த செக்கில் போனது. எனக்கு நான் வாங்கின செக்கில் போனது. நாலு வருஷம் இருக்கும். வெளியூரிலிருந்து ஒருத்தர், ஹோட்டலுக்கு அரிசி என்று முதலில் பத்து மூட்டை, ரொக்கம். அடுத்து இருபது மூட்டை, அதுவும் ரொக்கம். மூன்றாவது தடவை 120 மூட்டை. "செக்கை உங்க கணக்கிலேயே போட்டுட்டேன் அண்ணாச்சி" என்று சலான் படத்தை வாட்சப்பில் அனுப்பினார். வங்கி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. எனக்கும் மெசேஜ் வந்தது, தொகையும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோடு ஏற்றிவிட்டேன்.

அந்த மெசேஜின் வாலில் "சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்", அதாவது பணம் வந்து சேர்ந்தால்தான் உண்டு, என்று இருந்ததைத் திங்கட்கிழமைதான் படித்தேன். செக் திரும்பி வந்தது. மெமோவில் காரணம்: கணக்கு மூடப்பட்டது. ஆள் அரிசியோடு போனவர் போனவர்தான்.

செக்கைக் கணக்கில் போடுவது வேறு, பணம் வந்து சேர்வது வேறு. இந்தச் சின்ன விஷயம் மூன்று தலைமுறையாக மண்டி வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் இரண்டு தடவை கொடுத்த ரொக்கம் கண்ணை மறைத்துவிட்டது.


கங்கைகொண்டான் சப்ளையர்
புதன், காலை 9:20

இந்தக் காலத்தில் இன்னும் செக்கா? எல்லாம் ஆன்லைனில் அனுப்பினால் இந்தச் சோலியே இல்லை. என் கம்பெனியில் செக் புக்கே வாங்குவதில்லை.


அரிசிமண்டி பேட்டை
புதன், காலை 9:48

தம்பி, உங்களுக்கு மாதம் பிறந்தால் கம்பெனிக்காரன் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிடுவான். எனக்கு மில்காரர் முப்பது நாள் கடனுக்குச் சரக்கு தருகிறார். அந்த முப்பது நாளுக்கு அவர் கையில் என்ன பிடி? பின் தேதி போட்ட செக். ஜிபேயில் பின் தேதி போட முடியுமா? ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரு லட்சம்தான் போகும், ஒரு லோடு நெல்லுக்குக் காணாது. களக்காட்டு வாழைத்தார் வியாபாரியைக் கேளுங்கள், நயினார்குளம் மார்க்கெட் கமிஷன் கடைக்காரரைக் கேளுங்கள். கடனில் ஓடுகிற வியாபாரத்தில் செக் என்பது பணம் இல்லை, வாக்கு.


பாளை வக்கீல்
புதன், மதியம் 1:35

கோர்ட்டில் சாப்பாட்டு இடைவேளை, சுருக்கமாக எழுதுகிறேன்.

மண்டிக்காரர் முதலில். கணக்கை மூடிவிட்டுக் கொடுத்த செக்கும், ஸ்டாப் பேமென்ட் செய்த செக்கும், கையெழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்ட செக்கும் செக்குக்கான சட்டமான செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வரும், பணம் போதாமல் திரும்பினால் மட்டும் என்றில்லை. ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டு. செக்கின் ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம், 2012 ஏப்ரலுக்கு முன்னால் ஆறு மாதமாக இருந்தது. திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாள் பார்க்க வேண்டும். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு நீங்கள் எந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறீர்களோ அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் போட்டீர்களா?


அரிசிமண்டி பேட்டை
புதன், மதியம் 1:50

இல்லை சார். "அடுத்த வாரம் தந்துடுறேன்" என்று போனில் சொல்லிச் சொல்லியே நாற்பது நாள் ஓட்டிவிட்டார். அதற்கு அப்புறம்தான் வக்கீலிடம் போனேன்.


பாளை வக்கீல்
புதன், மாலை 6:10

அதுதான் நடக்கும். அந்த 30 நாள் எல்லோருக்கும் தெரிகிறதோ இல்லையோ, ஏமாற்றுகிறவனுக்குத் தெரியும்.

பெயிண்ட்கடைக்காரருக்கு ஒரு கசப்பான விஷயம். கையெழுத்து போலி என்றால் வங்கி நிலைமை மோசம். போலிக் கையெழுத்து உள்ள செக், வாடிக்கையாளர் தந்த உத்தரவே இல்லை. 1987இல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ஒரு கம்பெனியின் கணக்கரே நிர்வாக இயக்குநர் கையெழுத்தை 42 செக்குகளில் போட்டுப் பணம் எடுத்திருந்தார். பாஸ்புக்கைப் பார்க்காமல் இருந்தது உங்கள் அசட்டை என்று வங்கி வாதாடியது, எடுபடவில்லை.

உங்கள் விஷயம் அப்படி இல்லை, கையெழுத்து உங்களுடையது. அதே சட்டத்தில் 89ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. செக்கில் திருத்தம் நடந்திருந்தும், போட்ட குறுக்குக்கோட்டை அழித்திருந்தும், அது பார்வைக்குத் தெரியாமல் இருந்தால், முறைப்படி பணம் கொடுத்த வங்கிக்குப் பொறுப்பில்லை. வங்கி இதைத்தான் பிடித்துக்கொள்ளும். எனவே உங்கள் வழக்கின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: அழித்த தடம் கண்ணுக்குத் தெரிந்ததா, இல்லையா? படத்தை வைத்துப் பேசாதீர்கள். அசல் செக்கைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.


பாளை கெமிஸ்ட்ரி வாத்தியார்
புதன், இரவு 8:25

இந்தப் பேனா எங்கள் பள்ளிக்கூடப் பையன்களிடம் தாராளமாகப் புழங்குகிறது. அழிக்கிற ஜெல் பேனா. பின்பக்கம் ஒரு ரப்பர் முனை இருக்கும், தேய்த்தால் எழுத்து போய்விடும். அது மையைச் சுரண்டி எடுப்பதில்லை. தேய்க்கும் சூட்டில் மை நிறமற்றதாகிறது, அவ்வளவுதான். சுமார் 60 டிகிரி போதும். தேய்க்கக்கூட வேண்டாம், இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தால் பக்கம் முழுக்கக் காலி.

இன்று சாயங்காலம் செய்து பார்த்தேன். வெள்ளைத் தாளில் கேன்சல்டு என்று எழுதி, அப்போதுதான் இறக்கிய டீயை எவர்சில்வர் டம்ளரோடு அதன்மேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் டம்ளர் அடி அளவுக்கு வட்டமாக எழுத்து இல்லை. கேயும் டுவும் மட்டும் ஓரத்தில் நிற்கின்றன. சாதா பால்பாயிண்டில் எழுதியதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்த மை போய்விடவில்லை, நிறம்தான் போயிருக்கிறது. நன்றாகக் குளிர்ந்தால், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே பத்து இருபது டிகிரி போனால், திரும்பி வரும். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், காலையில் சொல்கிறேன். (மீன் பக்கத்தில் இதை ஏன் வைத்தீர்கள் என்று வீட்டில் ஒரு பாட்டம் நடந்துவிட்டது.)


வண்ணாரப்பேட்டை பெயிண்ட்கடை
புதன், இரவு 9:05

சார், அந்தப் பேனாவின் பின்னால் ரப்பர் மாதிரி ஒன்று இருந்தது! மூடியைக் கழற்றிப் பின்னால் செருகாமல் மேசைமேல் வைத்தான். ஏன் என்று இப்போது புரிகிறது.


கல்லிடை அப்பளம்
புதன், இரவு 10:30

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் எழுதுவதா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எல்லோரும் வெளியாளைப் பற்றியே பேசுகிறீர்கள்.

எங்கள் வீட்டில் அப்பளத் தொழில், பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். கணக்கு எழுத ஒருத்தர் இருந்தார், அவர் காலத்திலிருந்தே இருந்தவர், பிள்ளைகள் "மாமா" என்றுதான் கூப்பிடும். மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போகும்போது உளுந்துக்காரருக்குக் கொடுக்க ஐந்து செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். வெற்றுச் செக். வேறு வழி தெரியவில்லை, மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

திரும்பி வந்தபோது ஐந்துக்கும் செக் புக்கிலேயே மிஞ்சும் அடிக்கட்டையில் சரியாக எழுதி வைத்திருந்தார். உளுந்து, உளுந்து, பிரண்டை, பேக்கிங் கவர், உளுந்து. தொகையும் நியாயமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அடிக்கட்டையில் 18,000, வங்கியில் 38,000. அடிக்கட்டையை எழுதுவது நம் கைதானே, அது வங்கிக்குப் போவதில்லையே. நான் அதையே வேதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போகவில்லை. செக் புக்கின் கடைசியில் இரண்டு தாளைக் காணோம். முன்னாலிருந்து கிழித்தால் நமக்குத் தெரியும். கடைசி இரண்டு தாளை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

அவரைப் போலீசில் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்போது செக் புக் வந்ததும் முதல் வேலை, முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை நம்பர் பார்த்து எண்ணுவேன். புதுப் புத்தகம் கேட்கும் சீட்டு உள்ளேயே இருக்கும், அதையும் பார்ப்பேன், அது போனால் என் பெயரில் இன்னொரு புத்தகமே வாங்கிவிடலாம். பீரோவில் சாவி என்னிடம். செக் எழுதுகிறவர் வேறு, ஸ்டேட்மென்ட் பார்க்கிறவர் வேறு. எங்கள் வீட்டில் ஸ்டேட்மென்ட் பார்ப்பது என் மருமகள். தினமும் சாயங்காலம் அப்பளம் எண்ணி முடித்ததும் ஐந்து நிமிஷம். மாதம் ஒரு முறை பார்ப்பதெல்லாம் பார்ப்பதே இல்லை.


பாளை வக்கீல்
புதன், இரவு 11:15

அக்கா, வருத்தமாக இருக்கிறது. சட்டம் வெற்றுச் செக்கில் உங்களுக்கு உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாமே கையெழுத்துப் போட்டு நாமே கொடுத்த செக்கை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே முதலில் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பைனான்ஸ்காரருக்கு "செக்யூரிட்டி" என்று வெற்றுச் செக் கொடுத்து வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் செக் நம்பர், எதற்காகக் கொடுத்தது, அதிகபட்சத் தொகை மூன்றையும் எழுதி அவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள். கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்ப வாங்குங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள்.


முக்கூடல் தம்பி
வியாழன், காலை 7:15

எங்க அப்பா தொகை எழுதின இடத்துக்கு மேலே செல்லோடேப் ஒட்டித்தான் செக் கொடுப்பார். யாரும் திருத்த முடியாது என்பார். அது நல்லதுதானே?


பெருமாள்புரம் பென்ஷன்காரர்
வியாழன், காலை 8:50

உங்கள் அப்பா காலத்தில் செக்கே கை மாறிக் கை மாறி என் மேசைக்கு வரும், நான் விரலால் தடவிப் பார்ப்பேன். இப்போது செக் பயணம் செய்வதில்லை, போட்ட வங்கியிலேயே படமெடுத்துப் படம்தான் போகிறது. சென்னைப் பக்கம் 2011லேயே வந்துவிட்டது. டேப் பளபளத்தால் படத்தில் எழுத்து மங்கும். பின் அடிக்காதீர்கள், மடிக்காதீர்கள், கீழே வெள்ளைப் பட்டையில் இருக்கும் எண்கள்மேல் முத்திரை படவே கூடாது. தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எதை அடித்துத் திருத்தினாலும், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், வங்கிக்கு வங்கி செக்கை மாற்றிக்கொள்ளும் கிளியரிங்கில் எடுக்க மாட்டார்கள். தப்பாகிவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு எழுதுங்கள்.

டேப்புக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், யாரும் புத்தகத்தில் எழுதாத விஷயம். ஆங்கிலத்தில் தொகை எழுதினால் வாலில் ஒட்டுவார்கள், சிக்ஸ் சிக்ஸ்டி ஆகும். நாம் தமிழில் எழுதினால் தலையில் ஒட்டுவார்கள். நான் கேஷ் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு செக் வந்தது. "ஆறாயிரம் மட்டும்" என்று எழுதிய கட்டுமானக்காரர் முன்னால் ஒரு விரல் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் "இருபத்து" வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணில் 6க்கு முன்னால் ஒரு 2. மை ஒரே நீலம். எனக்குச் சந்தேகம் வந்தது மையால் இல்லை, "இருபத்தாறாயிரம்" என்று சேர்த்து எழுதாமல் "இருபத்து ஆறாயிரம்" என்று பிரிந்து நின்றதால். போன் போட்டுக் கேட்டேன், தப்பித்தார். புணர்ச்சி இலக்கணம் வங்கியில் பயன்பட்டது அந்த ஒரு நாள்தான்.

எனவே அச்சடித்த "ரூபாய்" என்ற சொல்லை ஒட்டியே முதல் எழுத்து, எண்ணுக்கு முன்னாலும் இடம் கூடாது, கடைசியில் "மட்டும்", மிச்ச இடத்தில் நீளமாக ஒரு கோடு. பெயருக்குப் பின்னாலும் கோடு. "அல்லது கொண்டுவருபவருக்கு" என்பதை அடித்துவிடுங்கள். மூலையில் இரண்டு கோடு போட்டு "அக்கவுண்ட் பேயீ" என்று எழுதினால் அது பெயர் உள்ளவரின் கணக்கில்தான் விழும், கவுண்டரில் ரொக்கமாகப் போகாது. இத்தனையும் நல்ல பால்பாயிண்டில், கொஞ்சம் அழுத்தி. அடுத்தவன் பேனாவில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள்.

கேன்சல்டு செக் கேட்டால் அதில் கையெழுத்தே போடக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி என்கிற கிளைக் குறியீடும்தான். பாஸ்புக் முதல் பக்க நகலே பல இடத்தில் போதும். செக்தான் வேண்டும் என்றால் உங்கள் பேனாவால் நீங்களே குறுக்கே எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடும் மூலையையே கத்தரித்துவிட்டுக் கொடுப்பேன், இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.


பாளை கெமிஸ்ட்ரி வாத்தியார்
வியாழன், காலை 9:10

ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். கொஞ்சம் வெளிறி, ஆனால் தெளிவாக, கேன்சல்டு முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

பெயிண்ட்கடைக்காரரே, அசல் செக் கிடைத்தால் நீங்களே இதைச் செய்து பார்க்கக் கூடாது. அது சாட்சி. தடயவியல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிப் போலீசிடம் எழுதிக் கொடுங்கள், குளிரவைத்துப் பார்க்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லுங்கள்.


கங்கைகொண்டான் சப்ளையர்
வியாழன், காலை 11:30

சரி, நேற்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் கம்பெனிக்கும் ஒரு டீலர் செக்தான் தருகிறார் என்று அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள், எனக்கே தெரியாது. ஒரு சந்தேகம். இப்போது செக் ஒரே நாளில் பாஸ் ஆகிறதே, மண்டி அண்ணாச்சிக்கு நடந்தது இனி நடக்காதுதானே?


பெருமாள்புரம் பென்ஷன்காரர்
வியாழன், மதியம் 12:40

2025 அக்டோபர் 4 முதல் பகலில் குறித்த நேரத்துக்குள் வாங்கும் செக்குகளைக் கட்டுக்கட்டாக வைத்திருக்காமல் அப்போதைக்கப்போது அனுப்புகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் ஆம், இல்லை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

செக் வாங்குகிற மண்டிக்காரருக்கு இது நல்லது. வெள்ளிக்கிழமை லோடு ஏற்றி திங்கட்கிழமை அழ வேண்டாம், அன்று இரவே தெரிந்துவிடும். லாரியை ராத்திரி நிறுத்தி வைத்தால் போதும். செக் கொடுக்கிற ஆளுக்கு இது எச்சரிக்கை. முன்பெல்லாம் ஏதோ தப்பு என்று மறுநாள் காலையில் ஓடினால் நிறுத்திவிடலாம். இப்போது அந்த ராத்திரி இல்லை. அதனால்தான் பாசிட்டிவ் பேயில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்கிறேன். அதில் சொல்லாத, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்கில் தகராறு வந்தால் கிளியரிங் ஏற்பாட்டின் தகராறு தீர்க்கும் முறையிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கிளையில் வைத்திருக்கும் டப்பாவில் செக் போடுகிறவர்களுக்கும் ஒன்று. கவுண்டரில் கொடுத்து ஒப்புகை கேட்டால் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது, ரிசர்வ் வங்கி உத்தரவு. "டப்பாவில் போடுங்க" என்று கையைக் காட்டினால் நின்று கேளுங்கள்.


வண்ணாரப்பேட்டை பெயிண்ட்கடை
சனி, இரவு 9:30

ஒரு தகவல். வியாழக்கிழமை எல்லாம் எழுத்தில் கொடுத்துவிட்டேன், முத்திரை வாங்கிவிட்டேன். ஸ்டேஷனிலும் மனு ரசீது தந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அசல் செக்கை வரவழைத்துக் காட்டினார்கள். மேனேஜர் நல்ல மனுஷர், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் குறுக்கே இரண்டு பள்ளம், ஏர் ஓட்டிய மாதிரி. நடுவில் கே என்ற எழுத்தின் வளைவு. அவர் ஒன்றும் பேசவில்லை. நான் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வங்கியின் பதிலுக்கு 30 நாள் பார்ப்பேன். இல்லை என்றால் வங்கிகள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குப் போடச் சொல்லியிருக்கிறார் வக்கீல் சார்.

அப்புறம், பணம் எடுத்ததும் வங்கியிலிருந்து மெசேஜ் வரவில்லையா என்று நினைப்பீர்கள். வந்திருக்கிறது. கணக்கு அப்பா தொடங்கியது, பிறகு என் பெயருக்கு மாற்றினோம், போன் நம்பரை மாற்றவில்லை. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் போன் பீரோவில் அவர் கண்ணாடியோடு இருக்கிறது. அம்மா மட்டும் மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. சார்ஜ் போட்டுத் திறந்து பார்த்தேன். 49,800 ரூபாய் என்று அன்றைக்குப் பகல் 11:52க்கு வந்து கிடக்கிறது.

இப்போது நம்பர் மாற்றிவிட்டேன்.


மேலப்பாளையம் டெக்ஸ்டைல்
திங்கள், மாலை 4:20

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையைச் சனிக்கிழமை ராத்திரிதான் முழுசாகப் படித்தேன். இன்று காலை பதினொன்றரைக்கு எங்கள் கடைக்கு ஒரு பையன் வந்தான், தொழில் கடன், இன் பண்ணிய சட்டை. பெயிண்ட் அண்ணாச்சி சொன்ன ஆளா என்று தெரியாது, கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

உட்கார வைத்து டீ சொன்னேன். கேன்சல்டு செக் கேட்டான். கிழித்து எதிரில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்தான். "இருங்க தம்பி, நான் எழுதுறேன்" என்று என் பேனாவை எடுத்தேன். "இல்ல பாய், எங்க ஃபார்மேட் இருக்கு, நானே எழுதணும்" என்றான். "சரி எழுதுங்க, எழுதிட்டு அதுமேலேயே டீயை வைங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்தான், மணி அடிக்கவே இல்லை. "மேனேஜர் கூப்பிடுறார், லஞ்சுக்கு அப்புறம் வர்றேன் பாய்" என்று கிளம்பினான்.

கேமரா பதிவை பென்டிரைவில் எடுத்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன், பெயிண்ட் அண்ணாச்சிக்கும் அனுப்பியிருக்கிறேன். மணி நாலு தாண்டிவிட்டது. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.


வண்ணாரப்பேட்டை பெயிண்ட்கடை
திங்கள், மாலை 4:31

பாய், அவன்தான்.